4 அடி மீன்தொட்டிக்கு ஒரு துளையா, இரண்டா, மூன்றா?

பெப்ரவரி 3, நாலடித்தொட்டி

4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 10 மி.மீ. கண்ணாடி, இன்னும் தண்ணீர் விடவில்லை. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட், ஸ்டாண்டுக்குள் சம்ப் (வடிகட்டியும் பம்பும் இருக்கும் கீழ்த்தொட்டி) வரும். தண்ணீர் சம்புக்கு இறங்க, பின்பக்கத்தில் ஒன்றரை அங்குலக் குழாய்க்கு ஒரே ஒரு துளை போதும் என்கிறார் கண்ணாடி வேலை செய்யும் பாஸ். துளை கூடினால் கண்ணாடி பலவீனமாகுமாம். பம்ப் பெட்டியில் மணிக்கு 3000 லீற்றர் என்று போட்டிருக்கு. பெரிதாய் ஒன்றா, சிறிதாய் இரண்டா?

பெப்ரவரி 3, கீழ்த்தொட்டி

இரண்டு. ஒன்றரை அங்குலத் துளை ஒன்றை விட ஒரு அங்குலத் துளை இரண்டு மேல்.

ஒற்றைக் குழாய் என்றால் டர்சோ முறைதான் போட முடியும்: நிமிர்ந்த குழாய், தலையில் T வடிவ இணைப்பு, மூடியில் காற்றுத் துளை. தண்ணீரும் காற்றும் கலந்து இறங்கும். ஒன்றரை அங்குலக் குழாயில் உங்கள் பம்பின் தண்ணீர் தாராளமாய்ப் போகும், அதில் குறையில்லை. ஆனால் ஒரு வாதுமை இலையோ நத்தையோ வாயை அடைத்தால் மாற்று வழி கிடையாது. பம்ப் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும், மேல்தொட்டி வழியும், மூன்றாம் மாடித் தண்ணீர் இரண்டாம் மாடிக்கு இறங்கும்.

இரண்டு துளை இருந்தால் ஹெர்பி முறை. முதல் குழாயில் காற்றே இல்லாமல் குழாய் நிறையத் தண்ணீர் இறங்கும், அதாவது முழுச் சைஃபன் ஓடும், வேகத்தைக் கீழே ஒரு கேட் வால்வால் பிடிப்போம். இரண்டாவது குழாயின் வாய் வழக்கமான நீர்மட்டத்துக்கு 1 முதல் 2 செ.மீ. மேலே, எப்போதும் காய்ந்து நிற்கும். முதலாவது அடைத்தால் அது வேலைக்கு வரும். காற்று கலக்காததால் கொடகொட சத்தமும் இல்லை.

இரண்டாவது துளையைப் பம்பிலிருந்து திரும்பும் தண்ணீருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். திரும்பும் குழாய் தொட்டியின் விளிம்புக்கு மேலாக வளைந்து வரட்டும். துளை இரண்டும் வடிகாலுக்கே.

பெப்ரவரி 4, கீழ்த்தொட்டி

கண்ணாடி பலவீனமாகும் என்ற பயத்துக்கு: துளையின் எண்ணிக்கையை விட இடைவெளிதான் முக்கியம். துளையின் ஓரத்துக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையில் குறைந்தது துளையின் விட்டமளவு கண்ணாடி விடுங்கள். இரண்டு துளைகளுக்கு நடுவிலும் அதே அளவு. 45 மி.மீ. துளை என்றால் அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 67.5 மி.மீ. கீழே, மையத்துக்கு மையம் 90 மி.மீ. இதில் இறுக்கிப் பிடிக்க வேண்டாம், 100 ஆக இருந்தால் நட்டைத் திருக விரல் போகும்.

துளையிட முதல் கண்ணாடி டெம்பர் செய்ததா (சூடாக்கிக் கடினமாக்கியதா) என்று பார்த்தே ஆகவேண்டும். டெம்பர் கண்ணாடியில் ட்ரில் பட்டால் முழுப் பலகையும் நொடியில் தூளாகும். உள்ளூரில் ஒட்டும் தொட்டிகளுக்குப் பொதுவாய்ச் சாதாரணக் கண்ணாடிதான் போடுவார்கள். செட்டாய் இறக்குமதியாகும் தொட்டிகளில் அடிக்கண்ணாடி டெம்பராக இருக்கலாம். மடிக்கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள். போலரைஸ்ட் குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையைச் சரித்துச் சரித்து முன்னாலிருந்து பாருங்கள். டெம்பர் என்றால் கருமையாய்ப் புள்ளிகளோ பட்டைகளோ தெரியும். சாதாரணக் கண்ணாடியில் ஒரே சீராய் இருக்கும்.

பெப்ரவரி 4, தெகிவளைக்_கடல்நீர்

இரண்டோடு நிறுத்தாதீர்கள் தம்பி, மூன்று போடுங்கள். பீன் அனிமல் முறை. முதலாவது முழுச் சைஃபன், இரண்டாவது திறந்த குழாய், மூன்றாவது காய்ந்து நிற்கும் அவசரக் குழாய்.

ஹெர்பியில் உள்ள சிக்கல், வால்வ் சரியாய் இந்தப் பம்பின் வேகத்துக்கே திருப்பியிருக்க வேண்டும். பம்பில் அழுக்குச் சேர்ந்து வேகம் குறைந்தால், தொட்டித் தண்ணீர் வழிந்து விழும், குழாய்கள் நிற்கும் பெட்டிக்குள் மட்டம் இறங்கி, சைஃபன் காற்றை உறிஞ்சிச் சத்தம் போடும். சைஃபன் குழாயில் கொஞ்சம் அழுக்குப் படிந்தால் மட்டம் ஏறி அவசரக் குழாய்க்குள் ஒழுகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது வால்வில் கை வைக்க வேண்டிவரும். பீன் அனிமலில் சைஃபன் பெரும் பங்கை எடுக்க, மிச்சம் திறந்த குழாயின் சுவரோடு மெல்லிய படலமாய் வழியும். கூடக்குறைய வருவதை அதுவே சமாளிக்கும்.

திறந்த குழாயின் தலையில் ஒரு மெல்லிய காற்றுக் குழல் இருக்கும். அதன் மறுமுனை வழக்கமான மட்டத்துக்குச் சற்று மேலே. சைஃபன் அடைத்து மட்டம் ஏறினால் அந்த முனை தண்ணீரில் மூழ்கும், காற்று நிற்கும், திறந்த குழாயே சைஃபனாக மாறும். அதுவும் அடைத்தால் மூன்றாவது இருக்கிறது.

பெப்ரவரி 5, நாலடித்தொட்டி

மூன்று என்றால் பெட்டி எவ்வளவு நீளம் வரும் அண்ணா? உள்ளே மீனுக்கு இடமும் வேணும்.

பெப்ரவரி 5, கீழ்த்தொட்டி

பெட்டியை இரண்டாய்ப் பிரியுங்கள். உள்ளே 6 செ.மீ. தடிப்பில் மெல்லிய பெட்டி, தண்ணீரை மேலாக வடித்தெடுக்க மட்டும். பின் கண்ணாடிக்கு வெளியே 12 செ.மீ. தடிப்பில் இன்னொன்று, குழாய்கள் எல்லாம் அதில். இரண்டையும் இணைப்பது பின் கண்ணாடியில் போடும் துளைகள். இரண்டே போதும், பெட்டியின் அடியில் வரும் மூன்று துளைகள் அக்ரிலிக்கிலோ தனிக் கண்ணாடியிலோ வரும். பாஸ் கேட்பது போல முக்கியக் கண்ணாடியில் துளையும் குறையும். ஆனால் ஸ்டாண்டைச் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைக்க வேணும். இடமில்லை என்றால் உள்ளேயே 26 செ.மீ. நீளம், 12 செ.மீ. தடிப்பில் ஒரே பெட்டி.

பெட்டியின் நீளத்தை மீனுக்காகச் சுருக்க வேண்டாம். மேல் விளிம்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு மெல்லிதாய்த் தண்ணீர் வழியும், நீரின் மேல் படலம் நன்றாய் எடுபடும். பம்பின் 3000 உயரத்தால் குறைந்து மணிக்கு 1800 லீற்றர் ஓடும்போது 20 செ.மீ. நேர் விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறத்தாழ 12 மி.மீ. உயர்ந்து நிற்கும். 50 செ.மீ. விளிம்பில் 7 மி.மீ. மட்டுமே.

பெப்ரவரி 5, கீழ்த்தொட்டி

மேலே சொன்னது நேர் விளிம்புக்கு. மீன் போகாமலிருக்க விளிம்பில் சீப்புப் பல் வெட்டினால் பாதி நீளம் அடைபட்டுவிடும். அப்போது 20 செ.மீ. பெட்டி 10 செ.மீ. போலத்தான் வேலை செய்யும், தண்ணீர் 2 செ.மீ. வரை உயரும். இந்த 2 செ.மீ.ஐக் கணக்கில் எடுக்காமல் பல்லை வெட்டினால் நீர்மட்டம் தொட்டியின் மேல் விளிம்புப் பட்டிக்குள் போய்விடும். செரி பார்ப் மாதிரிச் சின்ன மீன் வளர்ப்பதென்றால் நேர் விளிம்பு வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் வலை மாட்டி வையுங்கள். வலையைக் கழற்றிக் கழுவலாம், பல்லைக் கழற்ற முடியாது.

பெப்ரவரி 7, நாலடித்தொட்டி

பழைய சோனகத் தெருவில் தேடினேன். துளையில் குழாயைப் பூட்டும் டேங்க் கொனெக்டர் வெள்ளையில் இருக்கிறது. ஒன்லைனில் அதே வேலைக்குச் சாம்பல் நிறப் பல்க்ஹெட் ஒரு அங்குலம் என்று ஒன்று வருகிறது. எது?

பெப்ரவரி 7, கீழ்த்தொட்டி

வாங்க முதல் வெர்னியர் வைத்து அளக்க வேண்டிய இடம் இது. எங்கள் கடைகளில் ‘ஒரு அங்குலம்’ என்று தரும் பிவிசி குழாயின் வெளிவிட்டம் 32 மி.மீ. அமெரிக்க ஒரு அங்குலம் 33.4 மி.மீ. அந்தப் பல்க்ஹெட்டுக்குள் நம்முடைய குழாய் லொடலொட என்று நிற்கும், பிவிசி கம் 1.4 மி.மீ. இடைவெளியை நிரப்பாது. ஒன்றரை அங்குலத்தில் நிலைமை தலைகீழ்: நம்முடையது 50, அமெரிக்கனுடையது 48.3. உள்ளேயே போகாது. மி.மீ. கணக்கில் 32 என்று போட்டு வருவதை வாங்குங்கள், அல்லது உள்ளூர் டேங்க் கொனெக்டர்.

உள்ளூர்க் கொனெக்டரில் மூன்று விஷயம் பாருங்கள். விளிம்பு அகலமும் தட்டையுமாய் இருக்க வேணும். வார்ப்பு மடிப்பு நகத்தில் இடறினால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ரப்பர் வாஷர் 3 மி.மீ.க்குக் குறையாத தடிப்பு, மென்மை. மரை கண்ணாடித் தடிப்பு, வாஷர், நட்டு மூன்றுக்கும் போதுமான நீளம்.

துளை அளவைக் கடைக்காரரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். மரையின் வெளிவிட்டத்தை அளந்து 2 மி.மீ. கூட்டினால் அதுதான் துளை. முதலில் கொனெக்டர், பிறகு அதற்கேற்ற டயமண்ட் ஹோல் சோ.

வாஷர் விளிம்புப் பக்கம், அதாவது தண்ணீர்ப் பக்கம். நட்டுப் பக்கத்தில் வாஷரைப் போட்டால் மரை வழியே தண்ணீர் சுற்றிக்கொண்டு வரும். கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. அதுக்கு மேல் ஸ்பனர் வேண்டாம். சிலிக்கனும் வேண்டாம். ஈர சிலிக்கனில் வாஷர் வழுக்கி ஒரு பக்கமாய்ப் பிதுங்கும், பின்னர் கழற்றவும் முடியாது.

பெப்ரவரி 8, கீழ்த்தொட்டி

வால்வைச் சொல்ல மறந்துவிட்டது. போல் வால்வ் (ball valve) வாங்காதீர்கள். கால் சுற்றில் திறந்து மூடும் வால்வில் நூல் அளவு திருப்பினாலே வேகம் வெகுவாய் மாறும். சைஃபனைப் பிடிக்க கேட் வால்வ் வேணும், பல சுற்றுத் திருப்பலாம். ஹார்ட்வெயார் கடைகளில் பித்தளை கேட் வால்வ் தாராளமாய் இருக்கும்.

பெப்ரவரி 8, தெகிவளைக்_கடல்நீர்

பித்தளை வேண்டவே வேண்டாம்! பித்தளையில் செப்பு இருக்கிறது. இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் செப்பு நஞ்சு. கடல்நீரில் மட்டுமல்ல, மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நன்னீரிலும் கரைந்து வரும். பிவிசி கேட் வால்வ் தேடிப் பிடியுங்கள். கிளாம்ப் போடுவதென்றால் அதுவும் பிளாஸ்டிக். கடற்காற்றில் சாதாரண ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் கூடப் பழுப்பேறும்.

பெப்ரவரி 8, கீழ்த்தொட்டி

சரி, அதைத் திருத்திக்கொள்கிறேன். கேட் வால்வ் பிவிசியில் மட்டும். கிடைக்கும்வரை போல் வால்வ்தான் வழி என்றால் கைப்பிடியோடு ஒரு அடி நீளத்துக்கு மெல்லிய குழாயைக் கட்டி நீட்டுங்கள். கை நகரும் தூரம் கூடும், நுணுக்கமாய்த் திருப்பலாம்.

பெப்ரவரி 11, நாலடித்தொட்டி

பாஸ் வரும் ஞாயிறு துளையிட வருகிறார். அவரிடம் என்ன சொல்ல?

பெப்ரவரி 11, கீழ்த்தொட்டி

கண்ணாடியைப் படுக்க வைத்து, கீழே தெர்மோகோல் பலகை. வெட்டும் இடத்துக்குப் பின்பக்கம் மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று படை. கடைசியில் சில்லு தெறிப்பதை அது குறைக்கும். ஒட்டுப்பலகைத் துண்டில் முதலில் அதே ஹோல் சோவால் துளை போட்டு, அந்தப் பலகையைக் கண்ணாடிமேல் கிளாம்ப் போட்டு வையுங்கள். ஹோல் சோ ஓடாமல் நிற்கும். பலகை இல்லாவிட்டால் 45 பாகையில் சாய்த்துத் தொடங்கி, பிறை வடிவில் ஒரு கீறல் விழுந்த பிறகு மெதுவாய் நிமிர்த்த வேணும்.

45 மி.மீ. ஹோல் சோவுக்கு நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று போதும். இடைவிடாமல் தண்ணீர். சுற்றிப் புட்டிப் பசையால் (putty) வரம்பு கட்டி அதற்குள் தண்ணீர் தேக்கலாம். வெட்டும்போது வரும் வெள்ளைக் கூழ் பாலாய் இருக்கும்வரை சரி, பசையாய்த் தடித்தால் தண்ணீர் போதவில்லை. ட்ரில்லின் பாரம் போதும், கையால் அழுத்த வேண்டாம். 10 மி.மீ.க்குப் பத்து நிமிடம்வரை எடுக்கும். கடைசி 2 மி.மீ.ல் பாரத்தையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், அநேகமாய் வெடிப்பது அங்கேதான். பற்றரி ட்ரில் என்றால் நல்லது. வயர் ட்ரில் என்றால் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பில் மட்டும், முதலில் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு. முடிந்ததும் துளையின் ஓரத்தை ஈரத்தோடு வைரத் தேய்ப்பானால் மழுக்குங்கள்.

பெப்ரவரி 16, நாலடித்தொட்டி

வெளிப்பெட்டி முறையில் போனோம், பின் கண்ணாடியில் இரண்டு, பெட்டி அடியில் மூன்று. எல்லாம் உடையாமல் வந்தது. சம்ப் 75 க்கு 35 செ.மீ., உயரம் 35. எவ்வளவு நிரப்ப?

பெப்ரவரி 16, கீழ்த்தொட்டி

பம்பை நிறுத்தினால் எவ்வளவு கீழே வரும் என்பதிலிருந்துதான் தொடங்க வேணும். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போன ஊர் இது. தொட்டி நின்று நின்று ஓடுவதற்கென்றே கட்ட வேணும்.

மேல்தொட்டியின் பரப்பு உள்ளளவில் 120 × 44 செ.மீ. அதாவது 1 செ.மீ. தண்ணீர் 5.3 லீற்றர். திரும்பும் குழாயின் வாய் மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், கரண்ட் போனதும் அது பின்நோக்கிச் சைஃபனாகி 26 லீற்றரைக் கீழே கொண்டுவரும். பெட்டியில் 2, குழாய்களில் 1. ஏறத்தாழ 30 லீற்றர். சம்பில் 1 செ.மீ. 2.6 லீற்றர், ஆக 11.5 செ.மீ. உயரும். விளிம்புக்கு 2.5 செ.மீ. விட்டால் ஓடும்போது மட்டம் 21 செ.மீ.ஐத் தாண்டக் கூடாது.

இப்போது குழாய் வாயை 2 செ.மீ. ஆழத்துக்கு உயர்த்துங்கள். 30 லீற்றர் 14 ஆகக் குறையும், சம்ப் 5.4 செ.மீ. மட்டுமே உயரும். ஒரு எல்போவைத் திருப்பினதால் வந்த லாபம் இது. குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. காற்றுத் துளையும் போடுங்கள், ஆனால் அதை நம்பி வாயை ஆழமாய் வைக்க வேண்டாம். பாசி அடைக்கும். திரும்பிவராமல் தடுக்கும் செக் வால்வும் அப்படித்தான், ஒரு குட்டி நத்தை இதழில் உட்கார்ந்தால் மூடாது.

பெப்ரவரி 17, கீழ்த்தொட்டி

நேற்றைய கணக்கில் ஒரு பிழை. சம்பை ஒரே தொட்டியாய் நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். தடுப்புக் கண்ணாடி இருந்தால் வடிகட்டி அறைகளின் மட்டம் எப்போதும் தடுப்பின் உயரத்தில் நிற்கும், பம்ப் அறையின் மட்டம் மட்டும்தான் ஏறி இறங்கும். ஆகவே 21 செ.மீ. என்பது தடுப்புக் கண்ணாடிக்கும் சேர்த்துத்தான். அதை 20க்கு வெட்டுங்கள், மேலே தண்ணீர் வழியும் தடிப்பு 1 செ.மீ.

எதிர்ப்பக்கக் கணக்கும் வேணும். மூன்று வடிகாலும் அடைத்து பம்ப் மட்டும் ஓடினால்? பம்ப் அறை 20 × 35 செ.மீ., பம்ப் உறிஞ்சக்கூடியது 15 செ.மீ. உயரம், ஆக 10.5 லீற்றர் மேலே போகும். மேல்தொட்டி 2 செ.மீ. ஏறும். ஓடும் மட்டத்துக்கு மேலே 3 செ.மீ. வெற்றிடம் இருந்தால் ஒரு சொட்டும் கீழே விழாது. பம்ப் அறையைச் சிறிதாய் வைப்பது இதற்காகத்தான்.

பெப்ரவரி 17, தெகிவளைக்_கடல்நீர்

ஆவியாகும் தண்ணீருக்குத் தானாக நிரப்பும் கருவி போட்டிருந்தால் இந்தக் கணக்கு உடையும். பம்ப் அறை இறங்க இறங்க அது நிரப்பிக்கொண்டே இருக்கும். 20 லீற்றர்க் கேன் முழுதும் மேலே போனால் இன்னும் 3.8 செ.மீ. கேனைச் சின்னதாய் வையுங்கள், அல்லது பெட்டிக்குள் மேல்மட்டத்தில் ஒரு மிதவைச் சுவிட்ச் வைத்து பம்பையே நிறுத்துங்கள்.

பெப்ரவரி 20, கீழ்த்தொட்டி

குழாய் ஒட்டும்போது: வெட்டின ஓரத்தின் பிசிறைக் கத்தியால் வழியுங்கள், இரண்டு பக்கமும் கம், உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடம் பிடியுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் விட வேண்டாம். ஒவ்வொரு கொனெக்டருக்கும் கீழே ஒரு யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு). பெட்டிக்குள் வரும் குழாய்களை ஒட்டவே கூடாது, வெறுமனே செருகி வையுங்கள். உயரம் மாற்றவும் கழுவவும் கழற்ற வேண்டிவரும்.

சைஃபன் குழாயின் கீழ் முனை சம்பின் மட்டத்துக்குள் 2 முதல் 3 செ.மீ. மட்டும். 15 செ.மீ. ஆழத்தில் விட்டால் கரண்ட் வந்ததும் குழாய்க்குள் அடைபட்ட காற்று வெளியேற முடியாது, சைஃபன் தொடங்காது, தண்ணீர் அவசரக் குழாயிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். அவசரக் குழாயை மட்டும் மட்டத்துக்கு மேலே விடுங்கள். அது கொட்டும் சத்தம் கேட்டால் முதலாவது அடைத்திருக்கிறது என்று பக்கத்து அறையிலேயே தெரியும்.

பெப்ரவரி 24, நாலடித்தொட்டி

தண்ணீர் விட்டாச்சு. 10 லீற்றர் வாளி 20 செக்கனில் நிரம்புகிறது. கரண்ட் நிறுத்தினால் சம்ப் 6 செ.மீ. ஏறுகிறது. ஆனால் திரும்பப் போட்டால் சைஃபன் பிடிக்க மூன்று நிமிடம், அதுவரை கொடகொட.

பெப்ரவரி 24, கீழ்த்தொட்டி

20 செக்கன் என்றால் மணிக்கு 1800. பம்ப் பெட்டியில் போட்ட 3000 உயரத்தில் கரைந்தது, வழக்கம்தான். 5.4 எதிர்பார்த்து 6 வந்ததும் சரி.

மூன்று நிமிடம் அதிகம். குழாய் முனை 3 செ.மீ.க்கு மேல் மூழ்கியிருக்கிறதா பாருங்கள். பம்ப் நின்ற நேரம் சம்ப் 6 செ.மீ. உயர்ந்ததால், தொடங்கும்போது முனை 8, 9 செ.மீ. ஆழத்தில் இருக்கும். முனையை 45 பாகையில் சாய்வாய் வெட்டுங்கள், அல்லது குழாயில் சம்பின் உயர்ந்த மட்டத்துக்குச் சற்று மேலே 5 மி.மீ. துளை ஒன்று. ஓடும்போது அந்தத் துளை காற்றை உறிஞ்சினால் முழுச் சைஃபன் கெடும், அதனால் முதலில் சாய்வு வெட்டு. கிடையாய்ப் போகும் குழாய் இருந்தால் அதற்குக் கீழ்நோக்கிச் சரிவு கொடுங்கள், காற்று ஒளிவது அங்கே.

பெப்ரவரி 27, நாலடித்தொட்டி

கிடைத்துண்டு ஒன்று இருந்தது, ஒரு அடி நீளம். அதை எடுத்து 45 பாகை எல்போ இரண்டால் நேராக்கினேன். முனையையும் சாய்வாய் வெட்டினேன். இப்போது 40 செக்கன்.

பெப்ரவரி 27, கீழ்த்தொட்டி

நல்லது. இனி மீன் விட முதல் கேட் வால்வை முழுதாய் மூடி அரை மணி நேரம் ஓட விடுங்கள். திறந்த குழாய் சைஃபனாக மாறுகிறதா என்று காதால் கேளுங்கள். பிறகு அதன் வாயில் பந்து வைத்து அடைத்து, அவசரக் குழாய் தனியே 1800ஐத் தாங்குகிறதா என்று பாருங்கள். மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே பெட்டியில் மார்க்கரால் ஒரு கோடு.

மார்ச் 1, தெகிவளைக்_கடல்நீர்

அவசரக் குழாயின் வாய்க்கு 5 மி.மீ. கண் உள்ள பிளாஸ்டிக் வலை போடுங்கள். காய்ந்து இருட்டாய் இருக்கும் குழாய் என்பதால் கரப்பானும் பல்லியும் அதற்குள் குடியிருக்கும். குழாயின் வாய்மேல் தட்டையாய் விரிக்காமல் கூடை மாதிரிக் கவிழ்த்து வையுங்கள், ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் திறந்திருக்கும். தொட்டி கழுவும் நாளில் அதையும் கழற்றிப் பாருங்கள்.